என் இத்தாவுக்குப் போட்ட புள்ளிகள்

இங்கே இரண்டு வீடுகளுக்கு நடுவில், வேலியில் ஆள் நுழைந்து போகிற கடப்பு வைப்பதில்லை. வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் பலகை வேலி அடித்திருப்பார்கள். அதில் ஒரு பூனை நுழையவும் இடமிருக்காது. பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கறி கொடுப்பதென்றாலும் முன்வாசலால் இறங்கி, தெருவுக்குப் போய், அவர்களுடைய மணியை அடிக்க வேண்டும். அடித்தால் ஏதோ கெட்ட செய்தி என்ற முகத்தோடு கதவைத் திறப்பார்கள். இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சிறிய நகரம் இது. வந்து பல வருடங்களாகிவிட்டன. குளிர் பழகிவிட்டது. இந்த வேலி பழகவில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் எங்கள் வளவின் பின்வேலி முழுக்கக் கடப்புத்தான். ஒன்றால் போனால் பெரியும்மா வீடு, மற்றதால் போனால் சாச்சி வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதனால் உம்மாவைச் சுற்றி உம்மாவின் சகோதரிகளே இருந்தார்கள். என் கணவர் நஸீரும் மாவடிப்பள்ளியிலிருந்து ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவர்தான். வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

போன குளிர்காலத்தில் நஸீர் வேலைத்தளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இந்த ஊர் மண்ணிலேயே அடக்கினோம். நான் இத்தா இருந்தேன். கணவன் மவுத்தாகிவிட்டால் மனைவி நாலு மாதமும் சொச்சமும் வீட்டோடு இருப்பது எங்கள் மார்க்கம். நகை இல்லை, வாசனை இல்லை, மருதாணி இல்லை. அவசியமில்லாமல் வாசல் தாண்டுவதில்லை. எங்கள் ஊரில் வெள்ளை உடுப்பார்கள். நானும் வெள்ளை உடுத்தேன்.

வாப்பா மவுத்தானபோது உம்மா இத்தா இருந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடு அவ்வளவு சத்தமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. காலையில் பெரியும்மா ஒரு கடப்பால் வருவா, பின்னேரம் சாச்சி மற்றக் கடப்பால் வருவா. யாரோ தலை வாரிவிடுவார்கள், யாரோ யாசீன் ஓதுவார்கள், யாரோ ஊர்க்கதை சொல்லிச் சிரிப்பார்கள். உம்மாவும் சிரித்தா. பிறகு அழுதா. அழத் தொடங்கினால் மடியில் சாய்த்துக்கொள்ள ஒருத்தி எப்போதும் பக்கத்தில் இருந்தாள். உம்மா வெளியே போகவில்லை. ஊர் உள்ளே வந்தது.

இங்கே நானும் அதே சட்டப்படிதான் இருந்தேன். ஆனால் யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? என் மகள் ஹனாவைத் தெருமுனையில் இருக்கும் சோமாலியப் பெண் தன் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். தாய் ஏன் வாசலுக்கு வருவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள். ஹனா உள்ளதைச் சொன்னாள். உம்மா வெளியே வரமாட்டா, வெள்ளை உடுத்திருக்கிறா, அழுவதும் இல்லை. சில நாட்களில் பள்ளிக்கூடம் சொல்லி ஹெலன் என்ற உளவியலாளர் வந்தாள். நல்ல பெண். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். தேத்தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தாள். பிறகு கேள்வித்தாளை எடுத்தாள்.

எத்தனை நாளாக வெளியே போகவில்லை? கணவர் போன நாளிலிருந்து. உங்கள் தோற்றத்தில் அக்கறை குறைந்திருக்கிறதா? ஓம். முன்பு விரும்பிச் செய்தவற்றை விட்டுவிட்டீர்களா? ஓம். ஆட்களைச் சந்திப்பதைத் தவிர்க்கிறீர்களா? ஆண்கள் என்றால் ஓம். உங்கள் வாழ்க்கை உங்கள் கையில் இருப்பதாக உணர்கிறீர்களா? அல்லாஹ்வின் கையில். அழுகிறீர்களா? இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் அவள் புள்ளி போட்டுக்கொண்டு போனாள். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "உங்கள் கணவரின் குடும்பம் உங்களை வீட்டில் அடைத்து வைத்திருக்கிறதா?"

நஸீரின் குடும்பத்துக்கு என் வீட்டில் கதிரையை இழுத்துப் போடவே உரிமையில்லை என்று எப்படி விளங்கப்படுத்துவது? உறுதி என் பெயரில் என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை. நம்பினாலும் அதை எழுத அவளிடம் கட்டமில்லை.

பக்கத்து வீட்டில் டெரிக் என்ற கிழவர் இருக்கிறார். அதே குளிர்காலத்தில் அவருடைய மனைவியும் இறந்தா. அவரும் வெளியே போவதில்லை. காலையிலிருந்து பின்வளவுச் சின்னக் கொட்டிலில் குந்தியிருப்பார். தாடி மழிப்பதில்லை. நான் ஹெலனிடம் கேட்டேன்: "அவரிடமும் போனீர்களா?"

"இல்லை. அவர் தன்னுடைய வழியில் துக்கத்தைக் கடக்கிறார்."

"நான்?"

அவள் தாளைப் புரட்டினாள். இந்தக் கேள்விகளை யாரிடம் கேட்டுப் பார்த்துச் செய்தார்கள் என்று கேட்டேன். நிறையப் பேரிடம் என்றாள். அதில் இத்தா இருந்த ஒருத்தியாவது உண்டா என்றேன். தெரியாது என்றாள். பொய் சொல்லவில்லை, அதற்கு நன்றி. இந்தத் துறையில் பலகாலம் வெள்ளைக்காரப் பல்கலைக்கழகப் பையன்களைக் கேட்டுவிட்டு மனித மனம் இப்படித்தான் என்று எழுதி வைத்தார்கள் என்று பிறகு வாசித்தேன். அதைப் படித்தவர்களே இப்போது ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொண்டு என்ன? தாள் மாறவில்லை. அந்தத் தாளின்படி எனக்குக் கடுமையான நோய். ஆம்பிளை என்பதால் டெரிக்கிடம் அதை யாரும் நீட்டவே இல்லை. இரண்டு வாரத்தில் அலுவலகத்துக்கு வர வேண்டும், முன்னேற்றம் இல்லாவிட்டால் பிள்ளையின் விஷயத்தை வேறு பிரிவு பார்க்கும் என்றாள் ஹெலன். பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிற அந்தப் பிரிவு எதுவென்று இந்த நாட்டில் இருக்கிற எல்லா உம்மாமாருக்கும் தெரியும்.

ஊரிலிருக்கும் தங்கச்சி சிபானாவுக்குப் போன் எடுத்தேன்.

"ராத்தா, நீங்க என்னத்துக்கு எல்லாத்தயும் உள்ளபடி சொன்னீங்க? பொலிஸ்ல கேட்டாக்கூட யோசிச்சித்தானே சொல்லுவம்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய்யில்ல. மாப்பிள்ள ஊட்டாக்கள் பொண்ணு பார்க்க வந்த நேரம் உம்மா உங்களப் பத்திச் சொன்னாவே, அப்பிடிச் சொல்லுங்க. சோறாக்கவே தெரியாது உங்களுக்கு. உம்மா உங்களுக்குப் பிரியாணியே ஆக்கத் தெரியுமெண்டு சொல்லல்லயா?"

"நான் இத்தாவில இரிக்கன்டி."

"மௌலவிக்கிட்ட கேட்டுட்டன். புள்ளட விஷயமெண்டா பகல்ல போய் வரலாமாம். ஆனா வெள்ளயோட போகாதீங்க. அவளுக்கு அந்த வெள்ளயும் ஒரு புள்ளி."

போனேன். நீலத் தாவணியைத் தலைக்குப் போட்டேன். அத்தர் கொஞ்சம் பூசினேன். வெளியே போக மௌலவி அனுமதி சொன்னார், அத்தருக்குச் சொல்லவில்லை. அது நானாகப் பூசியது. ஹெலனைப் பார்த்துச் சிரித்தேன். தினமும் நடக்கிறேன், நண்பிகள் இருக்கிறார்கள், தையல் பழக யோசிக்கிறேன், என் முடிவுகளை நானே எடுக்கிறேன் என்றேன். நேற்று நன்றாக அழுதேன் என்றும் சொன்னேன். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். இவ்வளவு சீக்கிரம் இப்படி முன்னேறியவர்கள் குறைவு என்று சொல்லிக் கோப்பை மூடினாள். உள்ளதைச் சொன்னபோது நோயாளி. பொய் சொன்னதும் சுகமாகிவிட்டேன். ஹனா என்னோடு இருக்கிறாள். அது போதும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தத் தாளைப் போலத்தான். எனக்குச் சுகமில்லை என்பது பொய்யில்லை. பஸ்ஸில் வரும்போது சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படிக் கிள்ளியும் பார்த்தேன். ஆனால் அது இத்தாவால் வந்ததில்லை. கடப்பில்லாத வீட்டில் இத்தா இருந்ததால் வந்தது. அதைக் கேட்கும் கேள்வி ஹெலனிடம் இல்லை. நான் அழ வேண்டும் என்று இங்கே எல்லோருக்கும் ஆசை. மடி வைத்திருக்கிறவர்கள்தான் இல்லை.

இத்தா முடிந்து, மாதங்களும் போய்விட்டன. போன மாதம் அடித்த காற்றில் எங்களுக்கும் டெரிக்குக்கும் நடுவிலிருந்த வேலியில் இரண்டு பலகைகள் விழுந்தன. அவர் அந்தப் பலகைகளைத் திரும்ப அடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஹனா அந்த வழியால் போய்க் கொட்டில் வாசலில் நின்று அவரோடு கதைக்கிறாள். என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டால், அவர் மனைவியைப் பற்றி என்கிறாள். அவரிடம் அதைக் கேட்ட முதல் ஆள் என் மகளாகத்தான் இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை சிபானா போன் எடுத்தாள்.

"ராத்தா, பின்வேலியப் பிரிச்சிட்டுக் கல்மதில் கட்டுறம். கள்ளன்ட தொல்ல. சாச்சிட மகளும் சரியெண்டுட்டா. உங்கட வளவயும் சேத்துக் கட்டவா?"

"கடப்பு?"

"மதிலுக்கு எங்க ராத்தா கடப்பு வைக்கிற? இப்ப யார் நடந்து வாறா, எல்லாரும் போன்லதானே கதைக்கிற."

"கட்டு," என்றேன்.

பின்னேரம் மீன் ஆணத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஹனாவிடம் கொடுத்தேன். அவள் பலகை விழுந்த இடத்தால் குனிந்து போனாள். சாய்ந்தமருதில் என் பெயரில் இருக்கிற வளவிலிருந்து சாச்சி வீட்டுக்குப் போவதென்றால், இனி நான் முன்வாசலால் இறங்கி, தெருவுக்குப் போய், மணி அடிக்க வேண்டும்.