பெட்டியில் வந்த கப்பல்

எனக்கு எழுத்து வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். எங்கள் வாசிகசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது மூன்று தரம் ஏலாது என்றேன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லைத்தானே என்று பிறகு தோன்றியது. ஞாபகமும் முன்போல இல்லை. முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நெடுந்தீவில் எங்கள் வீட்டில் ஒரு கப்பல் கட்டினோம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடிய நீளம், மூன்று பாய்மரம், எல்லாம் மரம்.

அண்ணையைப் பற்றிச் சொல்லாமல் கப்பலைப் பற்றிச் சொல்ல முடியாது. எனக்கு ஒரே அண்ணை. எங்கள் தகப்பன், ஐயா, நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். அண்ணை வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை செய்தார். வேலணையில் பெண் பேசி முடித்து, அவர் அந்தப் பயணம் முடிந்து வந்ததும் கல்யாணம் என்று வைத்திருந்தோம். ஆனால் அந்தப் பயணத்தில் அவருடைய கப்பல் மூழ்கிவிட்டது. வேறொரு கப்பல்காரர்கள் அவரைத் தூக்கி எடுத்தார்கள். விமானத்தில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் வந்தவர், கடைசியில் நெடுந்தீவுக்கு வரும் மோட்டார் வள்ளத்தில் ஏறி, சாரத்தால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் படுத்தபடி வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போகவே இல்லை. நெடுந்தீவில் இருந்துகொண்டு கடலைப் பார்க்காமல் இருப்பது லேசான வேலை இல்லை. கிணற்றடிக்குப் போவார், பனங்காணிக்குப் போவார், திரும்பி வந்து சுவரைப் பார்த்து இருப்பார். என்ன நடந்தது என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்த் தாலி கட்ட வேண்டும். வேலணைக்குப் போக வேண்டுமென்றால் கடலைத் தாண்ட வேண்டும். வேறு வழி கிடையாது. அந்தப் பெண் ஏற்கெனவே மூன்று வருடம் காத்திருந்தாள். அண்ணை வள்ளத்தில் ஏறாவிட்டால் அந்தக் கல்யாணம் இல்லை. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

அவர் வந்து இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு தபால் கந்தோருக்கு ஒரு பார்சல் வந்தது. கப்பல் மூழ்கும் முன்னர் ஏதோ ஒரு துறைமுகத்தில் அண்ணையே வாங்கி அனுப்பியது. பெட்டியின் மூடியில் பாய்விரித்த கப்பலின் படம். அண்ணை படத்தைக் கண்டதும் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். கல்யாணச் சாமானாக்கும் என்று நினைத்து அம்மா அதை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தார்.

மழைக்காலம் ஒன்றில் நான் அதை இறக்கித் திறந்தேன். எனக்குப் புதினம் பார்க்கும் குணம் உண்டு. உள்ளே அரிசிமாப் பிட்டின் நிறத்தில் மெல்லிய பலகைகள், கோரைப்புல் போன்ற நீளமான சலாகைகள், நூல் பந்துகள், நகத்தைவிடச் சின்னச் சக்கரங்கள். எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு புத்தகம். அந்த மரத்தின் வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. எங்கள் மரம் எதற்கும் அந்த வாசம் இல்லை. பலகைகளில் வெட்டி வைத்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்தேன். மிச்சமான சட்டங்களை அடுப்பில் வைத்தேன். துண்டுகளுக்குரிய எண்கள் அந்தச் சட்டங்களில்தான் இருந்தன என்பது எரிந்த பிறகுதான் தெரிந்தது.

பயந்துபோய், புத்தகத்தின் படத்தைப் பார்த்துத் துண்டுகளை ஒரு நீளக் கட்டையின் மேல் நிறுத்தினேன். சின்னதிலிருந்து பெரியதாக, குசினியில் சட்டி அடுக்குகிற மாதிரி. தண்ணீர் குடிக்க வந்த அண்ணை அப்படியே நின்றார்.

"இதென்னடி?"

"கப்பல் அண்ணை."

"இதோ? இது பூசணிக்காயைக் குறுக்கால வெட்டின மாதிரிக் கிடக்கு. இதிலை ஏறினால் பின்பக்கமாய் உருண்டு போவாய்."

"அப்ப எப்பிடி வைக்கிறது?"

தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பொறுக்கவில்லை போலும், திரும்பி வந்தார். குந்தியிருந்து, பெரிய துண்டை எடுத்து நடுவில் வைத்தார். அடுத்ததை அதற்குப் பக்கத்தில். மற்றதை இந்தப் பக்கத்தில். பொழுது சாய்வதற்குள் எல்லாம் தன் இடத்தில் நின்றன. மீனை உரித்து முள்ளை மட்டும் வைத்தது போல.

அதைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது. பிறந்தது முதல் கப்பலும் வள்ளமும் பார்க்கிறேன். ஆனால் நான் கண்டதெல்லாம் தண்ணீருக்கு மேலே உள்ளதுதான். கீழே இப்படி ஒரு உருவம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. நடுவில் அகன்று, முன்னால் ஒடுங்கி, பின்னால் இன்னொரு விதமாக ஒடுங்கி... எத்தனை தரம் வள்ளத்தில் போயிருப்பேன், என் காலுக்குக் கீழே இதுதானா கிடந்தது என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அன்றிலிருந்து இரண்டு பேருமாகக் கட்டினோம். பெட்டியில் வந்த பசை குழாயோடு இறுகிவிட்டது. அதனால் தச்சு வேலைக்காரர் காய்ச்சும் வச்சிரப் பசையை வாங்கி வந்தோம். சலாகைகள் வளைய மறுத்து முறிந்தன. நெல் அவிக்கும் கிடாரத்தின் ஆவியில் அவற்றைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். நான் அண்ணையிடம் சொன்ன ஒரே யோசனை அதுதான். ஆவி பட்டதும் அந்த மரம் அவித்த இடியப்பம் மாதிரி இளகி, அண்ணையின் விரலுக்குப் பின்னால் வளைந்து போய், முன்பு நிறுத்திய விலாத் துண்டுகளின் மேல் படுத்துக்கொண்டது. காயும்வரை விலகாதபடி ஓலை ஈர்க்கை நடுவில் பிளந்து அவற்றைக் கவ்வவிட்டேன். நாளுக்கு நாலு சலாகை. இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல மூடி வந்தன. தட்டையாக வந்தது வயிறு வைத்து உருண்டது. எத்தனை தரம் தடவிப் பார்த்தாலும் எனக்கு நம்ப முடியவில்லை.

கயிறு கட்டும் வேலை எனக்கு வந்தது. நூல் பந்தில் ஒன்றை எலி கொண்டுபோய்விட்டது. எங்கள் தீவில் காட்டுக்குதிரைகளாகத் திரியும் மட்டக்குதிரைகள் கல்வேலியில் உரசும்போது விட்டுப்போகும் வால்மயிரைப் பொறுக்கி வந்து கட்டினேன். வழுக்கிக்கொண்டே இருக்கும், ஒரு முடிச்சுக்கு மூன்று முடிச்சுப் போட வேண்டும். அம்மா பார்த்துவிட்டு, "குமர்ப்பிள்ளை குதிரைக்குப் பின்னாலை திரியிறாள் எண்டு ஊர் சிரிக்கப் போகுது" என்றார். அதைவிட அம்மாவுக்குக் கோபம் வந்தது அண்ணை கப்பலுக்குக் குங்கிலியமும் சுறா எண்ணெயும் பூசிய நாளில். எங்கள் பக்கத்தில் கட்டும் மரக்கலத்துக்கெல்லாம் அதுதான் பூசுவார்கள். அவருக்கு வேறொன்று தெரியாது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்ச் சுறா மணக்குதே வீடு! சாமி அறைக்கை போக ஏலுதோ?"

"அம்மா, பூசாட்டித் தண்ணி உள்ளுக்குப் போயிடும்."

"எந்தத் தண்ணி? அலுமாரிக்கு மேலை எந்தத் தண்ணி?"

அண்ணை சிரித்துவிட்டார். திரும்பி வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல்.

மாசியில் பெண்ணின் தாய்மாமன் வேலணையிலிருந்து வந்தார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நேராகவே கேட்டார்.

"தம்பி, வைகாசியிலை ஒரு நல்ல நாள் கிடக்கு. நீர் வருவீரோ, மாட்டீரோ? பிள்ளை இன்னும் எத்தினை வருசம் இருக்கிறது?"

அண்ணை சுவர்ப் பக்கம் திரும்பினார். அம்மா அழத் தொடங்கினார். பாவம், அந்த மனிதருக்கும் சங்கடம். பேச்சை மாற்ற, அலுமாரிக்கு மேல் நின்ற கப்பலைக் காட்டினார்.

"இது நீர் கட்டினதோ? நல்ல வடிவு. மிதக்குமோ?"

"இல்லை, இது பார்க்கிறதுக்கு மட்டும்" என்றார் அண்ணை.

"கப்பலும் பார்க்க மட்டுமோ? அப்ப கப்பல்காரரும் அப்பிடித்தானாக்கும்."

அண்ணையின் முகம் கறுத்தது. வைகாசிக்குள் ஒரு முடிவு சொல்லாவிட்டால் வேறிடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத் தாய்மாமன் போய்விட்டார்.

மறுநாள் காலை அண்ணை பனங்காணிக்குப் போயிருந்தார். எனக்கு அந்த மனிதரின் சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. கப்பலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், மாடு குடிக்கும் தொட்டியில் விட்டேன். விட்ட கையை எடுத்ததும் அது பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. பாய்மரம் மூன்றும் தண்ணீருக்குள் போயின. நான் வைத்த கூச்சலில் அம்மாவும் ஓடி வந்தார், படலையைத் திறந்துகொண்டிருந்த அண்ணையும் ஓடி வந்தார்.

அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கப்பலை எடுத்து நிமிர்த்தி மறுபடியும் விட்டார். மறுபடியும் விழுந்தது. இன்னொரு தரம் விட்டார். மற்றப் பக்கம் விழுந்தது. தொட்டியின் விளிம்பில் இருந்து அதையே பார்த்தார்.

"எங்கடை கப்பலும் இப்பிடித்தான்" என்றார்.

கப்பலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சாமானை இறக்கிப்போட்டு வெறுமையாய்ப் போனனாங்கள். அடியிலை பாரம் போதாது எண்டு எல்லாருக்கும் தெரியும். காத்து அடிச்சுது. சாஞ்சுது. இப்ப நிமிரும், இப்ப நிமிரும் எண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டம். நிமிரேல்லை." அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "கடல் இல்லையம்மா. கடல் ஒண்டும் செய்யேல்லை" என்றார்.

பிறகு எழுந்து போய், கொட்டிலில் தொங்கிய ஐயாவின் வீச்சுவலையிலிருந்து ஈயத்துண்டுகளை அறுத்துக்கொண்டு வந்தார். கப்பலின் மேல்தட்டு நடுவில் இருந்த சின்ன மூடியைக் கத்தி முனையால் கிளப்பி, ஈயங்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். தண்ணீரில் வைத்தார். அது அரைவாசிக்குத் தாழ்ந்து, நேராக நின்றது.

அண்ணை ஒரு விரலால் பாய்மரத்தின் நுனியை அமர்த்திச் சாய்த்தார். விட்டார். நிமிர்ந்தது. இன்னும் அதிகமாகச் சாய்த்தார். இரண்டு பக்கமும் ஆடி ஆடி நிமிர்ந்தது. "நீ தள்ளிப் பார்" என்றார். என் விரலுக்குக் கீழே அது திமிறியது. உயிருள்ள கோழிக்குஞ்சை அமர்த்திப் பிடித்தது போல. யாரும் தூக்கவில்லை, யாரும் இழுக்கவில்லை, தானாக எழும்பி நின்றது. அம்மா கைகூப்பினார். எதைக் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. நானும் கும்பிட்டேன். அண்ணை வெயில் உச்சிக்கு வரும்வரை அதைத் தள்ளுவதும் விடுவதுமாக அங்கேயே இருந்தார். மாடுகள் தண்ணீருக்கு வந்து, பார்த்துக்கொண்டு நின்றன.

வைகாசியில் அண்ணை வருவார் என்று வேலணைக்குச் சொல்லியனுப்பினோம்.

கல்யாண நாளன்று சோழகக் காற்று எழும்பிவிட்டது. விடிந்த கையோடு இறங்குதுறைக்குப் போனோம். மாப்பிள்ளை ஊர்வலம் என்பதால் சனம் வள்ளத்தின் கூரையிலும் ஏறி இருந்தது. அண்ணை பட்டு வேட்டியோடு துறையிலேயே நின்றார். முகூர்த்தம் தவறப் போகிறது என்று ஆள் மாறி ஆள் கத்தினார்கள். அண்ணை வள்ளக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"வள்ளத்துக்கு அடியிலை என்ன கிடக்கு?"

"என்ன கிடக்கோணும்? பலகை கிடக்கு."

"பாரம் ஒண்டும் இல்லையோ?"

"நீங்கள் இவ்வளவு பேரும் பாரம் இல்லாமல் என்ன, பஞ்சுப் பொதியே?"

சனம் சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை.

"இந்தச் சனம் கூரைக்கு மேலை எல்லோ இருக்குது. எல்லாரையும் கீழை இறக்குங்கோ. அடியிலை கல் வையுங்கோ. அப்பதான் நான் ஏறுவன்."

"தம்பி, நான் உம்மடை வயசளவு காலம் இந்த வள்ளம் ஓட்டுறன்!"

அண்ணை பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். துறைக்குப் பக்கத்தில் இடிந்து கிடந்த வேலியிலிருந்து ஒரு கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை கல் சுமக்கிறார்! அதைக் கண்டதும் கூரையில் இருந்த ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கி வந்து ஆளுக்கொன்று தூக்கினார்கள். வள்ளக்காரரும் திட்டித் திட்டி அவற்றை உள்ளே அடுக்கினார். கடைசிக் கல்லோடு அண்ணை ஏறினார். ஏறியதும் என்னைப் பக்கத்தில் இருத்தி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

நடுக்கடலில் அலை வள்ளத்தை ஒரு பக்கம் சாய்த்தது. அவருடைய விரல்கள் என் காப்பை நெரித்தன. கண்ணை மூடவில்லை. "சாயுது" என்றார் மெதுவாக. வள்ளம் ஒரு கணம் அப்படியே நின்று, எழும்பியது. "வருகுது." அடுத்த அலை. "சாயுது... வருகுது." எனக்கு மட்டும் கேட்கும்படி அப்படியே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் பயம்தான். ஆனாலும் என் காலுக்குக் கீழே, தண்ணீருக்குள், அந்த வயிறும் அந்தக் கல்லும் எங்களை நிமிர்த்தி நிமிர்த்தி விடுவதை அன்றுதான் முதன்முதலாக உணர்ந்தேன். இத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு ஒரு மரம் எழும்பி நிற்கிறதே என்று நினைக்க அழுகை வந்தது.

தாலி கட்டும்போது அண்ணையின் தோளில் சுண்ணாம்புக்கல்லின் வெள்ளை ஒட்டியிருந்தது. அண்ணி அதைத்தான் முதலில் பார்த்ததாகச் சொல்லுவார்.

மலர் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்று ஏற்றியது பன்னிரண்டு கல் என்று நான் நினைக்கிறேன், இருபதுக்கு மேல் என்று அண்ணி சொல்கிறார். நல்ல நாள் வைகாசியிலா ஆனியிலா என்பதும் எனக்கு இப்போது நிச்சயம் இல்லை. அந்த வள்ளத்தில் வந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களில் யாரிடமாவது கேட்டுச் சரிபார்த்து, பிழை இருந்தால் நீங்களே திருத்திவிடுங்கள்.