கையைத் தளர்த்தியபோது

வேங்கிக்காலில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். மூட்டுவாதத்துக்கு மாத்திரை சாப்பிடும் தையல்கார நசீமா அக்கா மணிக்கட்டு ஸ்கேனுக்கு வந்தார். வாதம் அடங்காத மூட்டில் புதிது புதிதாக ரத்தக் குழாய்கள் முளைக்கும். திரையில் சிவப்பாகத் தெரியும். கருவியை வைத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை.

“நல்லா அடங்கிடுச்சுக்கா. டாக்டர் மாத்திரைய கம்மி பண்ணிடுவாரு” என்றேன்.

“வலி ஜாஸ்தியாத்தாம்மா இருக்கு.”

“அது மனசுல இருக்கிற பயம்க்கா.”

அவர் முகத்தைச் சுளித்து, “கொஞ்சம் மெதுவா புடிம்மா, நீ அழுத்துறது தாங்கல” என்றார்.

கையைத் தளர்த்தினேன். திரையில் சிவப்பு பரவியது. அந்த மெல்லிய குழாய்களை நசுக்கி மறைத்தது என் கைதான்.

மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லம்மா, இப்பவாவது தெரிஞ்சுதே” என்றார்.

அவர் வாய்விட்டுச் சொன்னார். அவருக்கு முன்னால் எத்தனை பேர் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, நோய் அடங்கிவிட்டது என்ற என் ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போனார்களோ.