என் மகனின் வாயைத் திறந்த கர்த்தர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்து விற்று வளர்த்தேன். ஒரு பிள்ளையையும் அடுத்த வீட்டு வாசலில் பசியோடு நிற்க விடவில்லை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. வேதத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆகவே நான் சொல்லச் சொல்ல மூத்த மகளின் மகள் ரெபேக்கா எழுதுகிறாள். அவளுக்கு இருபத்தாறு வயது, பம்பலப்பிட்டியில் ஒரு ஒஃபிஸில் வேலை. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வருகிற நீங்கள் எல்லாரும் கர்த்தர் எங்கள் வீட்டில் செய்ததை அறிய வேண்டும். அவசரப்படாமல் கேளுங்கள்.

என் நாலாவது பிள்ளை அன்ரன். ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறான். முப்பது வயதிலேயே அவனுக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்துவிட்டது, தகப்பனுக்கு வந்தது போல. வெள்ளவத்தைப் பெண் தர்ஷினியைக் கட்டினான். அவர்கள் என்னோடுதான் இருக்கிறார்கள். நாலு வருடமாகியும் பிள்ளை இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் தர்ஷினியைக் கதிரையில் இருத்தி, தலையில் எண்ணெய் பூசி, கை வைத்து, அவள் கர்ப்பத்தைத் திறக்கும்படி எல்லாரும் அழுது ஜெபித்தோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். அன்ரன் ஒரு மூலையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் தலையில் ஒருவரும் கை வைக்கவில்லை. ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன குறை என்று எல்லாரும் நினைத்தோம்.

போன வருடம் ஈஸ்டருக்கு முன்வரும் லெந்து நாட்கள் தொடங்கியதும் அன்ரன் உபவாசம் இருந்தான். காலையும் மதியமும் பச்சைத் தண்ணீர் மட்டும். நான் பெருமைப்பட்டேன். ஆனால் அவன் முகம் காய்ந்து போனது. கன்னம் உள்ளே போனது. என்ன செய்கிறது என்று கேட்டால் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். மனைவியோடும் கதை இல்லை. பிறகு தர்ஷினியின் தமையன் வந்தார்.

"மாமி, நாலு வருஷமா என்ட தங்கச்சின்ட தலையில எண்ணெய் பூசினது காணும். வீட்டுத் தலையணை உறையெல்லாம் பழுதாப் போச்சு, பிள்ளை மட்டும் வரேல்ல. உங்கட மகனையும் ஒருக்கா டொக்டரிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கோவன்."

"என்ட மகனுக்கு என்ன காட்ட வேணும்? பனை மாதிரி நிக்கிறான்," என்றேன்.

"அப்ப சரி. ஈஸ்டருக்குப் பிறகு நான் தங்கச்சிய எங்கட வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போறன்."

தர்ஷினி, "அண்ணா, நீங்க போங்க," என்று மட்டும் சொன்னாள். அன்ரன் எழும்பி அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தர்ஷினி கத்தினாள். அன்ரன் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு பெரிதாகப் போய் வந்தது. வாயில் பழுத்த பழம் போல ஒரு மணம். திரீவீலில் அவன் தலை என் மடியில் உருண்டது. ஆஸ்பத்திரியில், சீனி எல்லை மீறிப் போய் இரத்தம் புளித்துவிட்டது, இனி எங்கள் கையில் இல்லை என்றார்கள். அவன் சீனிக்குப் போடும் குளிசைகளை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் முழங்காலில் நின்றேன். போகிறவர்கள் காலால் தட்டிக்கொண்டு போனார்கள். ஜெபம் வரவில்லை. கடைசியில் ஒன்றுதான் வந்தது. "ஆண்டவரே, பேரப்பிள்ளை எனக்கு வேண்டாம். நான் பெத்ததைத் தாரும். இவன் நெஞ்சில என்ன கிடக்குது எண்டு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். இவன் வாயைத் திறவும்." இதையே சொன்னேன். இருட்டும் வரை சொன்னேன். பதில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நடைபாதையில் என் விசுவாசமும் செத்துக்கொண்டிருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் அவன் கண் திறந்தான். டொக்டர் வந்து, "தம்பி, ஏன் குளிசையை நிப்பாட்டினீங்க?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். டொக்டர், "அம்மா, கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா?" என்றார்.

"நான் இவனக் குளிப்பாட்டி வளத்தவ டொக்டர். நான் பாக்காத இடம் இவன்ட உடம்பில இல்ல."

டொக்டர் சிரித்துவிட்டார். அன்ரனுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

"கடைசில ஒண்டும் வாறதில்ல டொக்டர். எல்லாம் சரியா நடக்கும், விந்து மட்டும் வராது. வாலிபத்தில தனியச் செய்த பாவத்துக்குக் கர்த்தர் ஊற்றை அடைச்சுப் போட்டார் எண்டு நினைச்சன். அவளின்ட தலையில எண்ணெய் பூசேக்க எனக்குச் செத்திடலாம் போல இருக்கும். உபவாசம் இருந்தாத் திறப்பார், குளிசை போட்டா அது அவிசுவாசம் எண்டு நிப்பாட்டினன்."

"தம்பி, அது பாவத்தால வாறது எண்டால் கொழும்பில ஒரு வீட்டிலயும் தொட்டில் ஆடியிராது," என்றார் டொக்டர். "சரி, அதுக்குப் பிறகு சிறுநீர் போகேக்க கலங்கலாப் போகுதா?"

"ஓம்."

"விந்து வத்தேல்ல. வழி மாறிப் போகுது."

எனக்கு விளங்கும்படி அவர் சொன்னார். கடைசியில் விந்து வரும் நேரத்தில் சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூட வேண்டும். அப்போதுதான் விந்து முன்னால் வரும். சீனி நரம்பைக் கெடுத்தால் அந்த வாய் மூடாது, விந்து பின்னால் பைக்குள் போய்விடும். சிலருக்குப் பிரஷர் குளிசையாலும், வயதானவர்கள் சிறுநீர் இலேசாகப் போவதற்கு எடுக்கும் குளிசையாலும், சத்திரசிகிச்சையாலும் இப்படி வருமாம். சிலருக்குப் பயத்தாலும் மனப்பாரத்தாலும் விந்து முந்திவிடும். மனவருத்தத்துக்கு எடுக்கும் குளிசையால் சிலருக்குப் பிந்திவிடும், சிலருக்கு வராமலே போகும். எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு, ஆனால் காரணத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், தன்பாட்டில் குளிசையை விடவும் கூடாது, கண்ட லேகியத்தைத் தின்னவும் கூடாது என்றார்.

கிளினிக்கில் சிறுநீரைச் சோதித்தார்கள். அவன் வித்து அதற்குள் இருந்தது. தர்ஷினி அதைக் கேட்டு அங்கேயே அழுதாள். ஒன்றும் வராதது அவளுக்கு முதல் இரவிலிருந்தே தெரியும். புருஷனை விட்டுக்கொடுக்காமல் நாலு வருடம் தன் தலையில் எண்ணெயை வாங்கிக்கொண்டு இருந்தாள். அப்படிப்பட்ட மருமகள் எனக்கு வாய்த்திருக்கிறாள்.

இப்போது அன்ரன் சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறான். பையின் வாயை இறுக்க ஒரு குளிசை கொடுத்தார்கள். அது கொஞ்சம் கேட்கிறது, முழுதாக இல்லை. நரம்பு பழையபடி வருமா என்று சொல்ல முடியாதாம். ஆனால் சிறுநீரிலிருந்து வித்தைப் பிரித்துக் கழுவி அவள் கர்ப்பத்தில் வைக்கலாமாம். ஒரு தடவை வைத்தார்கள், தங்கவில்லை. அவள் இரண்டு நாள் படுத்திருந்தாள். திரும்பவும் போகப் போகிறார்கள். தமையனும் கூடப் போகிறார்.

பிள்ளை இல்லாமல் என்ன சாட்சி என்று கேட்பீர்கள். நான் நடைபாதையில் பிள்ளை கேட்கவில்லை. கேட்டதைத் தந்தார். என் மகன் உயிரோடு இருக்கிறான், வாய் திறந்து கதைக்கிறான், இரவுச் சாப்பாட்டில் மனைவியோடு சிரிக்கிறான். கர்த்தருக்கு நன்றி சொல்ல எனக்கு இது போதும்.

பாஸ்டரம்மா நேற்று வந்து, "அம்மா, கூட்டத்தில விந்து எண்டு சொல்ல வேணாம். சரீர பலவீனம் எண்டு சொல்லுங்கோ," என்றார். "சரீர பலவீனம் எண்டால் மூக்கு வடியிற தடிமனும் அதுதானே?" என்று கேட்டேன். அன்ரனிடமும் தர்ஷினியிடமும் கேட்டேன். இருவரும் சொல்லச் சொன்னார்கள். ஆகவே சொல்கிறேன். இந்தப் பாரத்தோடு இருக்கிற பிள்ளைகளே, ஜெபியுங்கள், டொக்டரிடமும் போங்கள். குளிசையை விட்டுவிட்டு உபவாசம் இருக்காதீர்கள். டொக்டரையும் கர்த்தர்தான் வைத்திருக்கிறார். என் வாயைத் திற என்று கேளுங்கள். எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார்.

ரெபேக்கா, எழுதினதை இப்ப திருப்பி வாசி பிள்ளை. வெள்ளிக்கிழமை நீதான் வாசிக்கப் போறாய். அந்தச் சொல் வரேக்க குரலைக் குறைக்காத. வாசல்ல செருப்புக்குப் பக்கத்தில நிக்கிற ஆம்பிளைகளுக்கும் கேக்க வேணும்.