வீடு பார்க்கப் போய்ப் பூச்சாடி தூக்கிய கதை

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறை வீடுகள்தான் எங்கள் லயம். அதற்குப் பின்னாலிருக்கும் மலையில் ஒரு வெடிப்பு உண்டு. முதலில் பார்த்தபோது மண்வெட்டிப் பிடி நுழையும் அளவுதான் இருந்தது. போன மழைக்கு அதில் ஓர் ஆட்டுக்குட்டி விழுந்து, ஆள் இறங்கித் தூக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு டவுனிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். முளையடித்தார்கள். எங்கள் கோடிச் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஓர் அடையாளம் போட்டார்கள். பெருமழை பெய்தால் இங்கே இருக்காதீர்கள் என்றார்கள். வேறு எங்கே இருப்பது என்று கேட்டோம். பாதுகாப்பான இடத்தில் என்றார்கள். அது எங்களுக்கும் தெரிந்திருந்தது.

பாதுகாப்பான இடம் என்று கடைசியில் முடிவானது நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம். மழை வலுத்தால் லயமே பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போய்விடும். விடிந்ததும் பாய்களை ஒதுக்கிவிட்டு அதே மண்டபத்தில் நான் பாடம் தொடங்குவேன். வகுப்பில் தூங்குகிற பிள்ளையை அதட்டும் தகுதி எனக்கு அத்தோடு போயிற்று. என் குறட்டையைப் பாதி வகுப்பு நேரில் கேட்டிருக்கிறது. மீதிப் பாதிக்கு அவர்கள் நடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

என் மனைவி தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளையெல்லாம் தொட்டிலில் போட்டு ஒரே நேரத்தில் தூங்கவைக்கிற கெட்டிக்காரி. ஆனால் கூரைத் தகரத்தில் ஒரு துளி விழுந்துவிட்டால் அவளுக்குத் தூக்கம் கிடையாது. செருப்பைப் போட்டுக்கொண்டே படுப்பாள். பாய் சேறாகிறதே என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"செருப்பத் தேடுற நேரத்துக்கு மலை காத்துக்கிட்டு நிக்குமா?" என்றாள்.

நான் எழுந்து என் செருப்பையும் பாயோரத்தில் எடுத்து வைத்தேன். பகிடியும் கிண்டலும் இல்லாமல் ஒன்றைச் செய்வது என் வாழ்க்கையில் அபூர்வம்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தென்மேற்கு மழை தொடங்குவதற்குள் ஒரு வீடு. சின்னதாக இருக்கலாம், பழசாக இருக்கலாம், பின்னால் மட்டும் மலை இருக்கக் கூடாது. என் சம்பளத்தை நம்பி வங்கி கடன் கொடுக்கச் சம்மதித்திருந்தது. வங்கிக்கு இருந்த அந்த நம்பிக்கை எனக்கே இருக்கவில்லை என்பது வேறு விஷயம். பின்னால் மலை இல்லாத வீட்டை மலையும் மேடுமான சப்ரகமுவையில் தேடுவதும், உப்பில்லாத கருவாட்டைச் சந்தையில் தேடுவதும் ஒன்றுதான். இருந்தாலும் தேடினேன். வீடு விற்கிற விளம்பரங்களை ஃபோனில் பார்க்கத் தொடங்கினேன்.

அங்கேதான் எனக்கு ஒரு வியாதி இருப்பது தெரியவந்தது. இரண்டு அறையும் ஒரு குசினியுமாக ஒழுங்கான வீடு வந்தால் என் விரல் அதை மேலே தள்ளிவிடும். கண்ணாடிக் கூரை, மரத்தூண், குளியலறைக்குள் ஒரு மரம் என்று ஏதாவது கிறுக்குத்தனம் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஒரே அறையில் பிறந்து, அதே அறையில் கல்யாணம் முடித்து, அதே அறையில் தலை நரைத்தவனுக்கு ஃபோனில் ஏன் மாளிகை பிடிக்கிறது என்று யாரும் ஆராய வேண்டியதில்லை.

முதலில் மாட்டியது இரத்தினபுரியில் ஆற்றங்கரையில் ஒரு மாடி வீடு. மேல்மாடியில் நாலு பக்கமும் பல்கனி. நின்றால் ஆறு முழுவதும் தெரியும். விலையும் நம்ப முடியாத மலிவு. பின்னால் மலை இல்லவே இல்லை, ஆறுதான் என்று மனைவியிடம் பெருமையாகப் படத்தை நீட்டினேன். அவள் படத்தை விரலால் பெரிதாக்கி மாடிப்படியின் கைப்பிடியைக் காட்டினாள். அதில் ஒரு வள்ளம் கட்டியிருந்தது. விளம்பரத்தைத் திரும்ப வாசித்தேன். சகல வசதிகளும் உண்டு என்ற வரிக்குக் கீழே, வள்ளமும் சேர்த்து என்று போட்டிருந்தது. மலைக்குப் பயந்து ஆற்றில் போய்க் குடியிருப்பதா என்று அவள் கேட்கவில்லை. ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டு, துவைத்த துணி காய்ந்ததா என்று பார்க்கப் போய்விட்டாள். கேட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

அடுத்தது நிவித்திகலையில். தரை கண்ணாடி மாதிரி. தேக்குக் கதவில் மயில் செதுக்கியிருந்தார்கள். சுற்றிலும் இரத்தினக்கல் தோண்டிய பழைய குழிகள், மேலே பலகையும் செடியுமாக. வீட்டுக்காரர் எங்களைக் குசினிக்குக் கூட்டிப்போய்க் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். இதற்குக் கீழேயும் கல் இருக்கலாம் மாத்தயா, உங்கள் அதிர்ஷ்டம் என்றார். தட்டிய சத்தம், கீழே வெறும் பொந்து இருப்பதுபோல ஒலித்தது. மனைவி அடுப்படியிலிருந்து மெல்லப் பின்வாங்கி, கதவு மயிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலேயிருந்து விழுகிற மண்ணுக்குப் பயந்து வந்த எங்களை அவர் கீழேயிருந்து பயமுறுத்தினார்.

இப்படியே நாள் போயிற்று. பின்னேரங்களில் மேகம் கறுக்கத் தொடங்கியது. மடுவத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது மனைவி வாசலுக்கு வருவதற்கு முன்னால் பின்பக்கம் போய் வெடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். வெடிப்பு பெருத்திருக்கிறதா என்று தெரிய எனக்கு அவள் முகத்தைப் பார்த்தால் போதும்.

அப்போதுதான் கொடகவெலப் பக்கம் ஒரு பங்களா விளம்பரத்தில் வந்தது. அந்தக் காலத்தில் யாரோ சின்னத் தோட்டமொன்றின் சொந்தக்காரர் கட்டியது. வளைந்த விறாந்தை, உயரமான ஜன்னல்கள், மரத்தரை, விறாந்தையில் ஒரு சாய்வு நாற்காலி. எங்கள் கைக்கு எட்டுகிற விலை. எட்டுகிற விலையில் பங்களா கிடைத்தால் பயப்பட வேண்டும் என்கிற புத்தி எனக்கு வருவதற்கு முன்பே நான் ஃபோன் எடுத்துப் பேசிவிட்டேன். எடுத்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். சிங்களத்தில்தான் பேசினோம். என் சிங்களம் ஃபோனில் கொஞ்சம் பணக்காரத்தனமாகக் கேட்கும். அவர் என்னைப் பெரிய மனிதருக்குச் சொல்லுகிற மாத்தயா என்றார், நான் மறுக்கவில்லை. வாகனத்தில்தானே வருவீர்கள் என்றார், ஆமாம் என்றேன். பஸ்ஸும் வாகனம்தானே.

சனிக்கிழமை போனோம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் ஏறினால் கேட். உள்ளே பாதை இரண்டாகப் பிரிந்தது. அகலமானது பூஞ்செடிகளுக்கு நடுவே வளைந்து விறாந்தைக்குப் போனது. ஒடுக்கமானது வீட்டின் பின்பக்கம். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஒடுக்கமானதில் நடந்தோம்.

இதை விளக்கினால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பங்களாவின் முன்வாசல் என்பது படத்தில் பார்க்கிற சங்கதி. விறகு கொண்டுபோனாலும், காய்கறி கொண்டுபோனாலும், துரையிடம் லீவு கேட்கப் போனாலும் குசினிப் பக்கம்தான். நான் ஆசிரியனான பிறகும், விளையாட்டுப் போட்டிக்கு அழைப்பிதழ் கொடுக்கத் துரை பங்களாவுக்குப் போனபோது நேராகக் குசினி வாசலில் போய் நின்று செருமினேன். அந்தப் பழக்கம் காலில் இருக்கிறது. தலை பட்டதாரியானாலும் கால் ஆகவில்லை. பங்களாவை விலைக்கு வாங்க வந்தவர்கள் குசினிப் பக்கமாகப் போகிறோமே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

பின்பக்கத்தில் சாரமும் பனியனுமாக ஒருவர் பெரிய சீமெந்துப் பூச்சாடியொன்றைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆ, வந்துட்டீங்களா? காலையிலேயே வரச் சொன்னேனே மல்லி. இக்மனட்ட, இக்மனட்ட. வீடு பாக்க ஒரு மாத்தயா வாறார்."

ஃபோனில் கேட்ட அதே தபாலதிபர் குரல். மல்லி என்றால் தம்பி, இக்மனட்ட என்றால் சீக்கிரம். சீக்கிரம் என்று யாராவது சொன்னால் உடனே குனிவது என் காலின் இன்னொரு பழக்கம். நான் பூச்சாடியின் மறுபக்கத்தைப் பிடித்தேன். தூக்கினோம். சுவரோரம் வைத்தோம். அடுத்ததைத் தூக்கினோம். கூலிக்கு வரச் சொன்ன ஆள் வரவில்லை, நான்தான் அந்த ஆள் என்று அவர் நினைத்துவிட்டார் என்பது மூன்றாவது சாடியில்தான் எனக்கு விளங்கியது. அதற்குள் இடுப்பு பிடித்துவிட்டது. சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் பாதியில் சாடியைக் கீழே போட முடியாதே.

மனைவி சாடியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலத்திலிருந்து ஜன்னல்வரை புதுச் சீமெந்துப் பூச்சு கோணலாக ஓடியிருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. அதன் அடிப்பகுதியை மறைக்கத்தான் நான் சாடி தூக்கிக்கொண்டிருந்தேன். அவள் கண் சுவரிலிருந்து பின்னால் திரும்பி, கொல்லை மேட்டில் ஏறி, அதற்கு மேலிருந்த ரப்பர் மரங்களில் நின்றது. மரங்களில் சில வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அவள் கைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டாள். மழை நாளில் லயத்திலிருந்து இறங்கும்போது பிடிக்கிற மாதிரி.

வேலை முடிந்ததும் தபாலதிபர் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தார். மாத்தயாவை இன்னும் காணவில்லையே என்று எங்களிடமே கவலைப்பட்டார். நம்பரை அழுத்தினார்.

என் சட்டைப் பையில் மணி அடித்தது.

மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். எடுப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. மரியாதைக்கு எடுத்து "ஹலோ" என்றேன். எதிரில் நின்றவரும், பழக்கத்தில், "மாத்தயா எங்க வந்துட்டீங்க?" என்று ஃபோனிலேயே கேட்டார். பிறகு ஃபோனை மெதுவாகக் காதிலிருந்து எடுத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது, சாடியை இரண்டு பேருமாக மறுபடியும் பழைய இடத்துக்கே இழுத்துவிடலாமா என்று கேட்கத் தோன்றியது எனக்கு.

கடைசியில் அவர்தான் எங்களை விறாந்தைக்குக் கூட்டிப்போனார். சட்டையொன்றை மாட்டிக்கொண்டு வந்து தேத்தண்ணி ஊற்றினார். சாய்வு நாற்காலியில் என் மனைவியை உட்காரச் சொன்னார். அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள். விறாந்தை அழகாகத்தான் இருந்தது. அதை மறுக்க மாட்டேன். நான் அங்கே உட்கார்ந்த அந்தச் சில நிமிஷங்களில், சுவரைக் கட்டிக்கொள்ளலாம், மேட்டில் வடிகால் வெட்டலாம், ரப்பர் மரங்களை வெட்டி விற்றுக்கூட விடலாம் என்றெல்லாம் மனசுக்குள் வீடு கட்டினேன். வெட்கமில்லாத மனசு.

மனைவி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிங்களத்தில் அவரைக் கேட்டாள்.

"மழை பெஞ்சா நீங்க எங்க ஐயா படுப்பீங்க?"

அவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற பழைய காரைக் காட்டினார்.

"அதுக்குள்ள. வீட்டு அம்மா மகள் வீட்டுக்குப் போயிட்டா. என்னையும் வரச் சொல்லுறா. வீட்ட வித்துட்டு வாறேன்னு சொல்லியிருக்கேன்."

கார் கேட்டைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தது. ஏன் அப்படி நிறுத்தியிருக்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அவர் சொல்லாமலே தெரிந்தது. எங்களை ஏமாற்றப் பார்த்தவர் மேல் கோபப்படத்தான் நான் ஆயத்தமாக இருந்தேன். ஆனால் எதிரில் இருந்தது என் மனைவியின் அதே முகம், கொஞ்சம் நரைத்த மீசையோடு.

"அப்ப நாங்க வந்து காருக்குள்ள படுக்கவா ஐயா?" என்று அவள் கேட்டாள். கோபமாக இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, இன்றைக்குப் பின்னேரமும் மழை வரும் போலிருக்கிறது, காரில் சரியாகச் சாயவும் முடியாது, முதுகு வலி என்றார். அவள் மடுவத்துக் குழந்தைக்குச் சொல்லுகிற குரலில், சுவருக்குச் சாந்து பூசிக்கொண்டு நிற்காமல் இன்றைக்கே மகள் வீட்டுக்குப் போகும்படி சொன்னாள். மகள் வீடு எங்கே என்று கேட்டாள். அங்கேயும் மேட்டில்தான் என்றார் அவர்.

தேத்தண்ணியை மறுபடி ஊற்றிக்கொண்டே, வேறு என்னென்ன வீடு பார்த்தீர்கள் என்று அவர் கேட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஃபோனைக் காட்டினேன். நல்ல கண் அவருக்கு. ஒரு வீட்டின் பின்சுவரில் பாசி ஏறியிருக்கும் உயரத்தை வைத்து, இங்கே தண்ணீர் நிற்கும் என்றார். இன்னொன்றைப் பார்த்து, அந்தப் பாதை எனக்குத் தெரியும், மழைக்கு அறுந்துவிடும் என்றார். தன் வீட்டுக்குச் சொல்லாத குறையையெல்லாம் மற்ற வீடுகளுக்குச் சொன்னார். நான் ஆசைப்பட்டு வைத்திருந்த ஒவ்வொன்றும் விழுந்துகொண்டே போனது.

விரலை வேகமாகத் தள்ளியதில் நான் மனைவியிடம் காட்டாத ஒரு வீடு வந்து நின்றது. எம்பிலிப்பிட்டியப் பக்கம், வயல் நடுவே. தீப்பெட்டி மாதிரி சதுரம், ரோசாப்பூ நிறப் பெயின்ட், ஒரு மரம்கூட இல்லை. அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. வெயிலில் வெந்துவிடுவோம். யானை வரும் என்கிறார்கள். என் பள்ளிக்கூடமும் அவள் மடுவமும் எட்டாத தூரத்தில் போய்விடும். மடுவத்து வேலையை அவள் விட வேண்டியிருக்கும். அதனால்தான் காட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பல்கனி இல்லாததால்தான் காட்டவில்லை.

தபாலதிபர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்குப் பின்னால வானம் மட்டுந்தான் இருக்கு" என்றார்.

மனைவி எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். ஒவ்வொரு படமாகத் தள்ளச் சொன்னாள். முன்பக்கம், குசினி, கிணறு, பின்பக்கம். பின்பக்கத்துப் படத்தில் நிறுத்தச் சொன்னாள். எனக்கு யானையைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. மடுவத்தைப் பற்றியும். சொன்னேன்.

"யானை வந்தா சத்தம் போட்டு வெரட்டலாங்க. மடுவத்துப் பிள்ளைகள விட்டுட்டு வாறதுதான்..." என்று அவள் நிறுத்தினாள். பிறகு, "போடுங்க ஃபோன" என்றாள்.

போட்டேன். மறுமுனையில் யாரோ எடுத்ததும் அவள் என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள். பெயரைச் சொல்லவில்லை, விலையைக் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றி நிலம் எந்தப் பக்கமாவது உயர்ந்து போகிறதா என்றுதான் முதலில் கேட்டாள். பதிலைக் கேட்டபோது அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. வீடு இன்னும் விற்கவில்லையே என்று கேட்டாள். நாளைக்கே வந்து பார்க்கிறோம் என்றாள்.

தபாலதிபர் நாற்காலியோடு நகர்ந்து வந்து, ஃபோனுக்கு எட்டாதபடி குரலைத் தாழ்த்தி, அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

"நங்கி, பக்கத்துல இன்னொண்ணு விக்கிறதுக்கு இருக்கான்னும் கேளுங்களேன்."

அவள் அதையும் கேட்டாள்.