சாட்சிக் கையெழுத்து

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் பள்ளிக்கூடத்தில் எடுபடவில்லை. 'கண்டுபிடிப்பு டீச்சர்' என்றால்தான் வாசல் காவலாளிக்கே ஆளைத் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன் ஆசிரியர்களுக்கான கற்பித்தல் கருவிப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். கேடயம் இன்றும் தலைமையாசிரியர் அறையின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அந்த ஒரு கேடயத்தை நம்பித்தான் கண்டுபிடிப்பு மன்றத்தை அவளிடம் ஒப்படைத்தார்கள். புகழ் யாருக்குத்தான் கசக்கும்? வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மன்றத்துக்கு. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே நடத்துவாள். "பென்சிலத் திருடினா திருட்டுன்னு எல்லாருக்கும் தெரியுது. யோசனையத் திருடினா மட்டும் 'நானும் இதையேதான் நெனச்சேன்'னு தப்பிச்சுக்கலாமா?" என்று கேட்டுப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பாள். ஆளுக்கொரு கோடு போட்ட நோட்டு. தோன்றியதை அதில் வரைந்து, தேதி போட்டு, கீழே இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். நாளைக்கே யாராவது சொந்தம் கொண்டாடி வந்தால் நோட்டு பதில் சொல்லும். மாதிரிக்குத் தன்னுடைய பழைய நோட்டையே விரித்துக் காட்டுவாள்.

பரிசு வாங்கிய அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். ஆய்வகத்தில் பிள்ளைகள் குழுக்களாகச் சோதனை செய்வார்கள். எந்தச் சோதனைக் குழாய் எந்தக் குழுவுடையது என்று காகிதம் ஒட்டினால், கழுவும்போது ஊறி உரிந்துவிடும். அதற்குப் பதில் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வளையம் வெட்டி, குழாயின் கழுத்தில் மாட்டிவிடலாம். மூன்றாம் குழுவுக்கு விளிம்பில் மூன்று வெட்டு, ஐந்தாம் குழுவுக்கு ஐந்து. சோப்பு நுரைக்குள் கையை விட்டாலும் விரலே எண்ணிச் சொல்லிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை இதை விளக்கி முடித்தபோது, முன் பெஞ்சில் இருந்த ஏழாம் வகுப்புச் சிறுமி கை தூக்கினாள். பிடித்தால் விடாத ரகம்.

"டீச்சர், நுரைக்குள்ள கைய விட்டா குழாய் தெரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீங்கதான் குழாய் கழுவவே மாட்டீங்களே?"

வகுப்பு சிரித்தது. குழந்தை வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டது.

"கவனிச்சேம்மா. கண்டுபிடிக்கிறவங்க எல்லாத்தையும் கவனிக்கணும்" என்றாள். நாக்கு கூசவே இல்லை. அப்போதுதான் பின்சுவர் ஓரமாக ஆய்வக உதவியாளர் நிற்பது கண்ணில் பட்டது. பிள்ளைகளுக்கு அவள் 'லேப் அக்கா'. டீச்சரைவிட நாலைந்து வயது மூத்தவள் என்பதால் டீச்சருக்கும் அக்காதான். தட்டில் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை. காதில் விழாமலா இருக்கும்? டீச்சருக்கு முகம் தீயாகச் சுட்டது.

வளையம் அந்த அக்கா வெட்டியது. அவள் கழுவும் தொட்டியில்தான் இவள் அதை முதன்முதலாகப் பார்த்தாள். போட்டி ஆசிரியர்களுக்கு மட்டும்தானே, அக்காவால் எப்படியும் அனுப்ப முடியாது, நல்ல யோசனை வீணாகப் போவானேன் என்று மனத்துக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். இது இன்னாருடைய யோசனை என்று ஒரே ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அனுப்புகிற அவசரத்தில் ஒரு சாட்சியாகத் தலைமையாசிரியர் கிடைத்தார், இரண்டாவது ஆளுக்கு யாரும் அகப்படவில்லை. "அக்கா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நோட்டை நீட்டினாள். அக்கா ஈரக்கையை மேலங்கியில் துடைத்தாள், படத்தை ஒரு கணம் பார்த்தாள், போட்டாள். செய்தவளையே பிடித்து, அடுத்தவள் செய்ததற்குச் சாட்சியாக்குவது எவ்வளவு பெரிய சாமர்த்தியம்!

அன்றிரவு டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. கணவரிடம் சொன்னாள்.

"ஆறு வருஷம் ஆச்சு. அந்தம்மாவே வாயத் திறக்கல. நீ ஏன் சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிற?" என்றார் அவர்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. வெளியே சொன்னால் கேடயம் போகும், மன்றம் போகும், தலைநிமிர்ந்து நடந்த நடை போகும். சொல்லாவிட்டாலோ அந்த நோட்டை இனி ஒரு குழந்தையின் முன்னால் விரிக்க முடியாது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நான்காம் நாள் போட்டி நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதி, தலைமையாசிரியர் மேசையில் ஒரு நகலை வைத்தாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் நோட்டை விரித்தாள். "இது நான் கண்டுபிடிச்சதில்ல. நம்ம லேப் அக்கா கண்டுபிடிச்சது. நான் எம்பேரப் போட்டுக்கிட்டேன். அது திருட்டு."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ ஒருவன் தொடங்க, எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் உண்மையைச் சொல்லிவிட்டாளாம்! அந்தக் கைதட்டலும் அவளுக்கே வந்து சேர்ந்தது. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மணி அடித்ததும் கழுவும் அறைக்குப் போனாள்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. உங்க பேரப் போடச் சொல்லிப் போட்டிக்காரங்களுக்கும் எழுதிட்டேன்."

"சரிங்க டீச்சர்." அக்கா தண்ணீர்க் குழாயை மூடினாள். "அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டிருந்தா, எடுத்துக்கங்கன்னே சொல்லியிருப்பேன். வீட்ல எம்பொண்ணுகிட்ட பெருமையா சொல்லி வெச்சிருந்தேன், அம்மா ஒண்ணு செஞ்சிருக்கேன்னு. அவ உங்க போட்டோவப் பேப்பர்ல பாத்துட்டு, ஏம்மா இப்படிப் பொய் சொல்றேன்னு கேட்டா."

டீச்சர் எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற தவிப்பில், "இப்பவும் ஏதாவது செய்றீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"செய்றேன். வீட்ல மூணு நாலு இருக்கு."

"கொண்டு வாங்களேன். வேற போட்டிக்கு உங்க பேர்லயே அனுப்பிடலாம், நானே கூட இருந்து..."

"வேணாம் டீச்சர்." குரலில் கோபம் இல்லை. "யார்கிட்ட வேணாலும் காட்டுவேன். உங்ககிட்ட மட்டும் காட்டமாட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த தட்டைத் தொட்டிக்குள் இறக்கினாள்.