அக்குளுக்கு அரை விரல்

தையல் கடையில் அவளுக்குக் காஜா அக்கா என்று பெயர். பொத்தான் துளைக்குக் காஜா எடுத்து எடுத்தே ஐம்பத்து நாலு வயதாகிவிட்டது. தம்பி வெட்டுவான், அக்கா தைப்பாள். முப்பது வருடமாக இதுதான் ஏற்பாடு. கத்தரியை மட்டும் அவன் யாரிடமும் கொடுத்ததில்லை. கொடுத்தால் தேய்ந்துவிடுமாம்!

போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து அவன் வலது கை விழுந்துவிட்டது. அதன் பிறகு வாய் இரண்டு ஆள் வேலை பார்த்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அக்கா பழைய துணியில் வெட்டிப் பழகினாள். போட்ட கோட்டின் மேலேயே கத்தரி போகணும், நூல் பிசகக் கூடாது என்பதுதான் அவன் மந்திரம். அவளும் பிசகவில்லை. ஆனாலும் தைத்துப் போட்டுப் பார்த்தால், கையைத் தூக்கியதும் உடுப்பு மொத்தமும் கூடவே ஏறிக்கொண்டது. மூன்று முறையும் அதே கதைதான்.

அந்த நேரம் பார்த்தா பாண்டு மாஸ்டர் சிவப்புத் துணியோடு வந்து நிற்க வேண்டும்? கை தூக்கி வீசி வாத்தியக்காரர்களை நடத்துவதுதான் அவர் பிழைப்பு. துணியோ ஒரே துண்டு; கெட்டால் மாற்றுக்கு வழியில்லை. தம்பி மனசு விட்டுப்போய், அவரை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டு நம்ம கடையையும் மூடிவிடலாம் என்றான். அக்காவுக்குச் சுருக்கென்றது. முப்பது வருடத்தை இப்படியா மூட்டை கட்டுவது?

முன்பெல்லாம் அவன் வெட்டித் தந்த துண்டுகளில் ஒட்டியிருக்கும் கோட்டின் சாக் பொடியைத் தட்டிவிட்டுத்தான் அவள் தைப்பாள். எங்கே தட்டினோம் என்று யோசித்தாள். அக்குளில் மட்டும்தான்! மற்ற இடங்களில் கோடு கத்தரியோடு போயிருக்கும்; அக்குளில் மட்டும் வெட்டிய ஓரத்துக்கு அரை விரல் கீழே முழுசாக நிற்கும். அந்த அரை விரல் ஏற்றம்தான் கை தூக்கும்போது உடுப்பை இழுக்காமல் விட்டிருக்கிறது.

சிவப்புத் துணியை விரித்துக் கத்தரியை வைத்தாள்.

"அக்கா, கோடு கீழ இருக்கு. நீ மேல வெட்டுற."

"நீயும் இப்படித்தாண்டா வெட்டின."

"நானா? சத்தியமா இல்ல."

"உனக்குத் தெரியாது. உன் கைக்குத் தெரியும்."

நாலாம் நாள் பாண்டு மாஸ்டர் உடுப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் கூரையைப் பார்த்துத் தூக்கினார். கீழ் ஓரம் இம்மியும் அசையவில்லை. மனிதர் குஷியில், இல்லாத பாண்டுக்கு ஒரு பாட்டு முழுவதும் வீசி முடித்துத்தான் கையை இறக்கினார். அக்காவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

மறுநாள் கடை வாசலில் இஸ்திரி போடுகிற பெண் தனக்கும் வெட்டக் கற்றுத்தரச் சொல்லி வந்து நின்றாள். அக்கா கத்தரியை எடுத்து நீட்டினாள். தேய்ந்தால் தேயட்டும். தம்பி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, பழைய மந்திரத்தை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

"அக்குள்ல மட்டும் அரை விரல் மேல போகணும். இது எனக்கு எங்க அக்கா சொல்லிக்கொடுத்தது."