பத்து மணிக்கு எழும்பும் கோடு

“எவ்வளவு நேரமா இப்படிக் கீழ கிடக்கார்?”

ஆம்புலன்சில் வந்த பெண் கேட்டாள். வீட்ஸ்கேவுக்குப் பதில் தெரியவில்லை. அண்ணன் கெர்லோஃப் வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது பத்து விநாடிக்கு ஒருமுறை அவள் கைபேசிக்கு வந்துகொண்டிருந்தது. ஆனாலும் தெரியவில்லை.

டொக்கம் ஊரில் பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் அவள். மனைவி இறந்தபின் அண்ணன் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். தினமும் காலை பத்து மணிக்கு அங்கே போய் ஒரு காபி, ஒரே ஒரு பிஸ்கட். சென்ற வசந்தத்தில் அவர் வாசலோர மின்மீட்டர் அலமாரியில், தீப்பெட்டி அளவு குட்டிக் கணினியான மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றை மீட்டரோடு இணைத்தாள். முதலில் எழுத்துக் குப்பைதான் வந்தது. மீட்டர் எல்லாவற்றையும் தலைகீழாக, 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும், அனுப்புகிறது என்று கண்டுபிடித்து, நிரலில் திருப்பிப்போட்டாள். உடனே வாட் எண்கள் வரிசையாக வந்தன.

“என்னடி, என் வீட்டுக்கே ஒற்றன் வச்சுட்டியா? நான் எப்போ ரொட்டி சுடுறேன்னு ஊருக்கே சொல்லிடுவே போல.”

“ஊருக்கு எதுக்கு அண்ணா? எனக்குத் தெரிஞ்சா போதும்.”

அதன்பின் மழை நாட்களில் அவள் போகவில்லை. பிறகு வெயில் நாட்களிலும் போகவில்லை. பத்து மணிக்குக் கைபேசியில் மின்சார வரைபடத்தின் கோடு எழும்பும். அண்ணன் காபி போடுகிறார், நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த நவம்பர் வியாழனன்றும் பத்து மணிக்குக் கோடு எழுந்தது. மாலை ஐந்தரைக்கு வழக்கமாக எழும் மின்னடுப்பின் கோடுதான் எழவில்லை. அரைமணி நேரம் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்தாள். அங்கே குளியலறை வாசலில் அண்ணன் இடுப்பு முறிந்து, பேச்சில்லாமல், குளிரில் விறைத்துக் கிடந்தார்.

இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் பேசினார்.

“காலையில ஏழு மணிக்கே விழுந்துட்டேன். பத்து மணிக்குக் காபி வாசம் வந்துச்சு. இதோ நீ வந்துருவேன்னு கதவையே பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“விழுந்து கிடக்கிற ஆளு எப்படிக் காபி போட்டே?”

“காபி மெஷின் தானா ஓடும்டி. நேரம் வச்ச பிளக்கு. நீ வர்றது நின்னப்புறம் வாங்கினேன். வந்தா சூடா இருக்கட்டுமேன்னு. தினமும் ரெண்டு பேருக்கு. மத்தியானம் கொட்டிடுவேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா!”

“நீதான் எல்லாத்தையும் பாக்குறியேன்னு இருந்தேன்.”

அவர் வீடு திரும்பவில்லை. ஜனவரியில் போய்ச் சேர்ந்தார்.

மீட்டரைப் படிக்கும் கருவி செய்வது தவறில்லை, அதை நம்பி நேரில் போவதை நிறுத்தியதுதான் தவறு. இன்னொருத்திக்கு இந்த வருத்தம் வேண்டாம் என்றுதான் வீட்ஸ்கே இதைச் சொல்கிறாள். தனியாக இருப்பவர் வீட்டில் இப்படி ஒன்றை வைக்கப் போகிறவர் யாரையாவது தெரிந்தால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள்.